யார் சொன்னது, யாரிடம் சொன்னது?

தனக்குத் தான் உண்மையாக இருக்கச் சொல்லும் ஓர் அறிவுரை, ஷேக்ஸ்பியரின் பெயரில் உலகம் முழுக்கச் சுற்றிவருகிறது. பட்டமளிப்பு விழா மேடைகளில் ஒலிக்கிறது. வாழ்த்து அட்டைகளிலும் காபிக் கோப்பைகளிலும் அச்சாகிறது. நாடகத்தில் அதைச் சொல்பவர் பொலோனியஸ். 'ஹாம்லெட்'டில் வரும் டென்மார்க் அரசவையின் மூத்த ஆலோசகர் அவர். பிரான்ஸுக்குக் கப்பலேறப்போகும் மகன் லேயர்டீஸை வழியனுப்பும்போது சொல்கிறார்.

இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியில் அதே பொலோனியஸ், ரெனால்டோ என்ற பணியாளைப் பாரிஸுக்கு அனுப்புகிறார். பணம் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டுமல்ல வேலை. மகன் எப்படி நடந்துகொள்கிறான் என்று உளவும் பார்க்க வேண்டும். அதற்கான வழியையும் அவரே சொல்லித்தருகிறார். அங்குள்ள டென்மார்க்காரர்களிடம் லேயர்டீஸை அரைகுறையாகத் தெரிந்தவன்போலப் பேச்சுக் கொடு. சூதாடுவான், குடிப்பான், சண்டை இழுப்பான் என்று லேசாக அவதூறு பரப்பு. அவர்கள் வாயிலிருந்து உண்மை தானாக வரும். அது பிள்ளையின் மானத்தைக் கெடுக்குமே என்று ரெனால்டோ தயங்குகிறான். பொலோனியஸுக்கு அந்தத் தயக்கம் இல்லை. நடுவில், தான் என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்துவிட்டு அவனிடமே கேட்கிறார். பிறகு மகள் ஒஃபீலியாவைத் தூண்டிலாக வைத்து ஹாம்லெட்டை ஒட்டுக்கேட்கிறார். கடைசியில் அரசியின் அறையில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும்போது ஹாம்லெட்டின் வாள் பாய்ந்து சாகிறார். உண்மையைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற அறிவுரை, ஒளிந்துநின்று கேட்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு மனிதரின் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நாடகத்தின் நுட்பமே அதில்தான் இருக்கிறது. கோப்பையில் அச்சிடும்போது முதலில் காணாமல்போவதும் அதுதான்.

தமிழ் வாசகருக்கு இது புதிய பாடமே அல்ல. தொல்காப்பியத்தின் செய்யுளியல், செய்யுளுக்கு 34 உறுப்புகளை எண்ணுகிறது. மாத்திரை, எழுத்து, அசை என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவையும் இடம்பெறுகின்றன. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது என்பவை பாட்டுக்கு வெளியே நிற்கும் விவரங்கள் அல்ல. பாட்டின் உறுப்புகளே என்பது இதன் பொருள். அகப்பாடல்களை இன்றும் அப்படித்தான் படிக்கிறோம். தலைவன் பிரிந்துபோனதைத் தலைவி தோழியிடம் சொன்னால் அது ஆற்றாமை. அதே செய்தியைத் தோழி, தலைவன் காதில் விழும்படி சொன்னால் அது இடித்துரைத்தல். இப்படி ஒரு வாசிப்பு மரபு கையில் இருக்கும்போது, நாடக வசனங்களை மட்டும் ஆளற்ற பொன்மொழிகளாக எடுத்துக்கொள்வது பெரிய இழப்பு.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சொன்னவரைப் பார்க்காதே, சொல்லில் உள்ள உண்மையைப் பார் என்று வள்ளுவரே வழிகாட்டவில்லையா? காட்டினார். ஆனால், குறளில் பேசுபவர் நூலாசிரியர், கேட்பவர் உலகத்தார். நாடகத்தில் ஒவ்வொரு பேச்சும் ஒருவர் மற்றொருவரை ஏதோ ஒன்றைச் செய்யவைக்கப் பேசுவது. மயக்க, மிரட்ட, தேற்ற, ஏய்க்க. அங்கே மெய்ப்பொருள் காண வேண்டுமானால் அந்தச் செயலையும் சேர்த்தே காண வேண்டியிருக்கிறது.

சட்டத் துறையினரைச் சீண்ட எடுத்தாளப்படும் இன்னொரு வசனம், 'ஆறாம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் வருகிறது. வழக்கறிஞர்கள் எல்லோரையும் முதலில் தீர்த்துக்கட்ட வேண்டும் என்ற யோசனையைச் சொல்பவன் டிக் என்ற கசாப்புக்காரன். 1450இல் இங்கிலாந்தில் நடந்த ஜாக் கேட் கலகத்தில் சேர்ந்தவனாக நாடகம் அவனைக் காட்டுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், 1985இல் ஒரு வழக்கில் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் இந்த வசனத்தைக் கவனமாகப் பிரித்துக் காட்டினார். சொன்னவன் கலகக்காரன், சர்வாதிகாரத்துக்குப் போகும் வழியில் வழக்கறிஞர்களை ஒழிப்பது ஒரு படி என்பதை ஷேக்ஸ்பியர் உணர்ந்திருந்தார் என்பது அவர் வாதம். அதே காட்சியில், எழுதப் படிக்கத் தெரிந்த குற்றத்துக்காக ஓர் எழுத்தரை, பேனாவையும் மைக்கூட்டையும் கழுத்தில் மாட்டித் தூக்கிலிட இழுத்துச் செல்கிறார்கள். நீதிபதியின் வாசிப்புக்கு அது வலுச் சேர்க்கிறது.

ஆனால், டிக்குக்குக் கேட் சொல்லும் பதிலையும் படிக்க வேண்டும். ஆட்டுக்குட்டித் தோலில் நாலு வரி கிறுக்கி முத்திரை குத்தினால் ஒரு மனிதனின் வாழ்வே போய்விடுகிறதே என்று அவன் குமுறுகிறான். பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த எந்த ஏழைக்கும் அந்தக் குமுறல் புரியும். ஷேக்ஸ்பியர் கலகக்காரர்களின் கொடுமையையும் அவர்களுடைய உண்மையான வலியையும் ஒரே காட்சியில் வைத்திருக்கிறார். வசனத்தை வழக்கறிஞர்களுக்கு எதிரான நகைச்சுவையாகக் கொண்டாலும், அவர்களுக்கான பாராட்டாகக் கொண்டாலும் பாதிதான் கிடைக்கும்.

அப்படியென்றால், வசனத்தைக் காட்சியைவிட்டு வெளியே எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். எப்படி எடுப்பது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். 1970களில் அங்கே அடைக்கப்பட்டிருந்த சன்னி வெங்கடரத்தினம், ஷேக்ஸ்பியர் முழுத் தொகுப்பு ஒன்றை வைத்திருந்தார். அட்டையில் தீபாவளி வாழ்த்துப் படங்களை ஒட்டி, அது தன் மதநூல் என்று காவலர்களை நம்பவைத்தார். விடுதலையாவதற்கு முன், தோழர்களிடம் அந்தப் புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டார். அவரவர் மனத்தைத் தொட்ட பகுதியில் கையெழுத்திடச் சொன்னார். 2012இல் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது.

வால்டர் சிசுலு தேர்ந்தெடுத்தது, 'வெனிஸ் நகர வணிக'னில் ஷைலக், அன்டோனியோவிடம் பேசும் இடம். கடை வீதியில் தன்னை நாயென்று திட்டிக் காறித் துப்பியவன் இன்று கடன் கேட்டு வந்து நிற்கிறான். அத்தனையையும் பொறுத்துக்கொண்ட தன் இனத்தைப் பற்றி ஷைலக் பேசுகிறான். டர்பன் நகரத் தொழிற்சங்கத் தலைவரான பில்லி நாயர், 'புயல்' நாடகத்தின் காலிபனைத் தேர்ந்தெடுத்தார். இந்தத் தீவு தாய்வழியாக வந்த தன் சொத்து, அதைப் பறித்துக்கொண்டாய் என்று புராஸ்பரோவின் முகத்துக்கு நேரே சொல்கிறான் காலிபன். வந்த புதிதில் நீ அன்பு காட்டினாய், நான் நன்னீர் ஊற்றுகளைக் காட்டிக்கொடுத்தேன். இப்போது என்னை இந்தப் பாறையில் அடைத்துவிட்டுத் தீவின் மற்ற பகுதிக்குப் போகவிடாமல் தடுக்கிறாய் என்கிறான். 20 ஆண்டுகள் தீவுச் சிறையில் கழித்த ஒருவர் இந்தப் பக்கத்தில் கையெழுத்திட்டதற்கு விளக்கவுரை தேவையில்லை. நாடகம் அடிமை என்றும் அயலான் என்றும் ஒதுக்கிவைத்த பாத்திரங்களின் கூற்றை, அது யாருடைய கூற்று என்று தெரிந்தே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16 என்று தேதியிட்டுக் கையெழுத்திட்டது, 'ஜூலியஸ் சீஸ'ரில் கோழையின் சாவையும் வீரனின் சாவையும் ஒப்பிடும் பகுதியில். அவர் பங்கெடுத்து உருவாக்கிய ஆயுதப் போராட்ட அமைப்பு, 16 ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில்தான் களமிறங்கியது. நாடகத்தில் அந்த வரிகளைச் சொல்பவர் சீஸர்; கேட்பவர் கெட்ட கனவு கண்டு வெளியே போக வேண்டாமென்று தடுக்கும் மனைவி கல்பூர்னியா. வீரம் பேசிய சீஸர், சற்று நேரத்தில் மனைவிக்காக இறங்கிவந்து வீட்டிலேயே இருக்கச் சம்மதிக்கிறார். சதிகாரர்களில் ஒருவரான டேசியஸ் வந்து கனவுக்கு வேறு பொருள் சொல்லி, செனட் முடிசூட்டக் காத்திருக்கிறது என்று ஆசைகாட்டியதும் கிளம்பிவிடுகிறார். அன்றே கொல்லப்படுகிறார். சீஸரின் வாயில் பாதி வீம்பாக இருந்த சொல், 1964இல் மரண தண்டனை வரக்கூடும் என்று தெரிந்தே நீதிமன்றத்தில் நின்ற ஒருவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் முழு எடை பெறுகிறது. கூற்று மாறியது, களன் மாறியது, பொருளும் மாறியது. இரண்டு களங்களும் தெரிந்தவருக்கே அந்த மாற்றத்தின் அளவு புரியும்.

புறநானூற்றின் 192ஆம் பாடலுக்கும் இந்தக் கவனம் வேண்டும். எல்லா ஊரையும் தன் ஊராகக் கொள்ளும் கணியன் பூங்குன்றனாரின் தொடக்கம், 2019இல் ஐ.நா. பொதுச்சபை வரை போனது, மகிழ்ச்சி. ஆனால், அந்தப் பாடல் தொடக்கத்தோடு நிற்கவில்லை. நன்மையும் தீமையும் பிறரால் வருவதில்லை என்று நகர்ந்து, வெள்ளத்தில் போகும் தெப்பம்போல உயிர் முறைவழி செல்வதைக் கண்டு, பெரியவர்களை வியப்பதுமில்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்ற இடத்தில் போய்ச் சேர்கிறது. மேடைகளில் தொடக்கத்தைச் சொல்பவர்கள், பெரும்பாலும் இந்த முடிவுவரை போவதில்லை. அதிகாரத்தின் முன் நின்று சொல்ல வேண்டியது அந்த முடிவைத்தான்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'இடம் சுட்டிப் பொருள் விளக்குக' என்றொரு கேள்வி நெடுங்காலமாக உண்டு. செய்யுளியல் கேட்டதைத்தான் அதுவும் கேட்கிறது. கேள்வியில் குறையில்லை, விடையை வழிகாட்டி நூலிலிருந்து மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் வழக்கத்தில்தான் குறை. மாணவர் ஒரு முறையாவது அந்தக் காட்சியை, முன்னும் பின்னும் உள்ள பக்கங்களோடு, இரண்டு பேராக நின்று வாய்விட்டுப் படிக்க வகுப்பில் நேரம் ஒதுக்க வேண்டும். முழுக் காட்சிக்குப் பாடநூலில் இடமில்லையென்றால், மேற்கோளின் கீழே சிறு குறிப்பாவது அச்சாகட்டும்: யார் சொன்னது, யாரிடம், எந்த நிலையில், சொன்ன பிறகு என்ன நடந்தது.