தண்ணீர்விட்டானுக்கு ஒரு நாற்றங்கால் வேண்டும்

மதிப்பிற்குரிய தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்த கட்டுப்பாடு ஒன்று உண்டு. 57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சங்கைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் அதிகாரிகள் கடலடிப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பி எடுத்து, முற்றியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குளிப்பை அறிவித்தார்கள். 1961-க்குப் பிறகு அந்த அறிவிப்பு வரவே இல்லை. கடலில் அளவு பார்த்து எடுக்கக் கற்ற ஊர், கரையில் மண்ணுக்குள் விளையும் ஒரு மருந்தை அளவில்லாமல் தோண்ட விட்டுவிட்டது. தண்ணீர்விட்டான் கிழங்கைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவில்லை என்றால் இங்கே பெரியவர்கள் நாட்டு மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புவார்கள். உலர்ந்த கிழங்கை இடித்துப் பாலில் காய்ச்சிக் கொடுப்பது பழைய வழக்கம். சித்த மருத்துவத்தில் இதற்குத் தனி நெய்யும் லேகியமும் உண்டு. வடக்கே இதையே சதாவரி என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் இந்த ஒரு மூலிகைக்காகவே விழிப்புணர்வு இயக்கம் தொடங்கியது. தேவை ஏறும். ஏறுகிற தேவைக்குக் கிழங்கு எங்கிருந்து வரும் என்பதுதான் என் கவலை.

ஊருக்கு மேற்கே உடைமரங்களுக்கு இடையில் இந்தக் கொடியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். சுற்றிப் படராது; பற்றுக்கம்பியும் கிடையாது. தண்டில் இருக்கும் வளைந்த முள்ளைக் கொக்கியாக மாட்டி, பக்கத்துப் புதரின்மேல் ஏறிக்கொள்ளும். கையை விட்டவர் சட்டையைக் கிழித்துக்கொள்ளாமல் எடுக்க முடியாது. ஊசி ஊசியாகக் கொத்தாக நிற்கும் பச்சையை இலை என்றே நினைப்போம். உண்மையில் அவை உருமாறிய சிறு கிளைகள். இலைகள் செதிலாகவும் முள்ளாகவும் சுருங்கிவிட, இலையின் வேலையை அந்தக் கிளைகளே செய்கின்றன. வெயிலில் தண்ணீரை இழக்காதிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு வறண்ட காட்டில் வேறென்ன இருக்கிறது! பூத்தால் வெள்ளைச் சரமாக மணக்கும். காய் பழுத்தால் சிவப்பு, உள்ளே கறுத்த விதை.

மண்ணைப் பறித்தால் தண்டின் அடியிலுள்ள ஒரே முடியிலிருந்து விரல் பருமனில் வெளுத்த கிழங்குகள் கொத்தாகத் தொங்கும். மழைத் தண்ணீரை அவற்றில் சேர்த்து வைத்துத்தான் கோடையைத் தாண்டுகிறது. மருந்தும் அங்கேதான் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான். இலையைப் பறித்தால் செடி பிழைக்கும். கிழங்கை அடியோடு பெயர்த்தால் எது பிழைக்கும்? சந்தைக்கு வருவதில் கணிசமான பங்கு இன்னும் காட்டிலும் புறம்போக்கிலும் தோண்டியதுதான். தோண்டுகிற கூலியாளைக் குறை சொல்லிப் பயனில்லை. முடியை ஓரிரு கிழங்கோடு அதே குழியில் திரும்ப ஊன்றினால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

சாகுபடி கடினமானதல்ல. விதைத் தோல் கெட்டி. ஊறவைத்து விதைத்தாலும் முளைக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆனியில் நாற்றங்கால் போட்டால் ஐப்பசி மழைக்கு நாற்று தயார். இரண்டடி இடைவெளியில் பாரில் நட்டு, ஏறுவதற்குக் கொம்பு ஊன்றினால் போதும். ஒன்றரை முதல் இரண்டு வருடத்தில் வெட்டலாம். வெட்டிய கிழங்கை லேசாக வேகவைத்துத் தோலை உரித்து, நடு நரம்பை உருவி, நிழலில் காயவைக்க வேண்டும். உலர்ந்தால் எடை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். விவசாயி இதைத் தெரிந்துகொண்டுதான் விலை பேச வேண்டும்.

திரேஸ்புரத்து உப்பு மண்ணில் இதை நடச் சொல்லவில்லை. கரிசலும் எனக்குச் சரியாகப் படவில்லை. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும், காய்ந்து இறுகிய கரிசலில் உடையாமல் எடுக்கவும் முடியாது. சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் தேரியை ஒட்டிய செம்மண்ணில் சோதித்துப் பார்க்கலாம். வழிகாட்டக் கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. வாங்க அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மூலிகை வியாபாரம் நமக்குப் புதிதும் அல்ல. இந்தப் பகுதியின் மானாவாரி நிலாவாரை தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, திருநெல்வேலிப் பெயரோடு உலக மருந்துச் சந்தையில் இன்றும் விலை போகிறது.

அய்யா, உங்களிடம் கேட்பது பெரிய திட்டம் அல்ல. தோட்டக்கலைத் துறையையும் வேளாண்மைக் கல்லூரியையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். நம் மாவட்டப் புதர்களிலிருந்தே விதை எடுத்து ஒரு நாற்றங்கால் தொடங்கச் செய்யுங்கள். முன்வரும் சம்சாரிகளுக்கு நாற்றும், வெட்டும்போது வாங்கிக்கொள்வதற்கான எழுத்துறுதியும் கிடைக்கட்டும். அந்த உறுதி இல்லாவிட்டால் இரண்டு வருடம் நிலத்தை ஒதுக்கி யாரும் நட மாட்டார்கள். புறம்போக்கில் தோண்டுவதற்கு ஒரு பருவமும் ஒரு முறையும் வகுத்து, ஊராட்சிகள் மூலம் தெரியப்படுத்துங்கள். வருகிற ஆனிக்குள் விதை மண்ணில் விழ வேண்டும். அதற்கான உத்தரவை இந்த மாதமே எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
திரேஸ்புரத்துக் குடிமகன் ஒருவன்