கியரா, பெடலா? மினி டிராக்டர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வெளிநாட்டில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புகிறார். குட்டி டிராக்டர் ஒன்று கிளட்ச் மிதிக்காமல், கியர் மாற்றாமல் ஓடுகிறது. வலது காலின் முன்பாதத்தால் பெடலை அழுத்தினால் முன்னே போகிறது. குதிகாலால் அழுத்தினால் பின்னே வருகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. ‘‘அப்பா, உங்க மூட்டுவலிக்கு இதுதான் சரி’’ என்கிறார் மகன். ஊரில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அப்பா, ஷோரூமில் பார்த்ததெல்லாம் கியர் வண்டிதான். காத்திருப்பதா, இருப்பதை வாங்குவதா?

வீடியோவில் ஓடுவது ஹைட்ரோஸ்டாட்டிக் டிராக்டர். இன்ஜின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் தள்ளும் எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுற்ற, அது சக்கரத்தை ஓட்டுகிறது. பெடலை அழுத்தினால் பம்புக்குள் ஒரு தட்டு சாயும். எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு எண்ணெய், அவ்வளவு வேகம். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ்.

சுகம்தான். ஆனால் அதற்கு ஹெச்.பி-யில் விலை கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற குபோட்டா எல்2501 இரண்டு வகையிலும் வந்தது. இன்ஜின் ஒன்றுதான். ஆனால் ரொட்டவேட்டரைச் சுற்றும் பி.டி.ஓ-வில் கியர் வண்டி 20.5 ஹெச்.பி தருகிறது, ஹைட்ரோஸ்டாட்டிக் 19 தான். மிச்சத்தில் பெரும்பகுதி எண்ணெயைச் சூடாக்குவதில் போய்விடுகிறது. வண்டி விலையும் கூடுதல்.

இது புதுச் சமாச்சாரமும் அல்ல. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1967-லேயே பெரிய டிராக்டரில் இதைக் கொண்டுவந்தது. நாள் முழுக்க உழும் வயல்களில் அது நிலைக்கவில்லை. புல் வெட்டும், பனி தள்ளும், லோடரில் மண் அள்ளும் சிறிய டிராக்டர்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டன. எல்லாம் அடிக்கடி முன்னும் பின்னும் போகும் வேலைகள்.

அதனால் முதலில் போட வேண்டிய கணக்கு: உங்கள் வண்டி ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை திசை மாறும்? தென்னை வரிசைக்கு நடுவே நேராகப் போய், கடைசியில் திரும்பி வரும் உழவுக்கும், தேங்காய் ஏற்றிய டிரெய்லர் இழுக்கவும் கியர் வண்டியே போதும். மாட்டுப்பண்ணையில் தினமும் சாணம் அள்ளும் லோடர் வேலை என்றால் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது ரிப்பேர். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பக்கத்து டவுன் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். ஹைட்ரோஸ்டாட்டிக் பம்புக்கு எண்ணெய் சுத்தமாக இருக்க வேண்டும். தூசி போனால் தேய்மானம்தான். ஃபில்டரைத் தள்ளிப்போட முடியாது. அந்த வேலை தெரிந்தவரும், உதிரிபாகமும் பக்கத்தில் இல்லையென்றால், உழவு நேரத்தில் வண்டி கொட்டகையிலேயே நிற்கும்.

சரி, அப்பாவின் மூட்டு? வலி எந்தக் காலில் என்று மகன் கேட்டாரா தெரியவில்லை. கிளட்ச் இடது காலுக்கு. ஹைட்ரோஸ்டாட்டிக் பெடல் வலது காலுக்கு; நீண்ட நேரம் உழுதால் அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சில வண்டிகளில் குரூஸ் கன்ட்ரோல் வைப்பதே இதனால்தான். இடது முழங்காலில் வலி என்றால் கியர் வண்டியிலேயே ஷட்டில் லிவர் உள்ள மாடலைக் கேட்டுப் பார்க்கலாம். முன்னே, பின்னே போக ஒரே லிவர். கிளட்ச் மிதிக்கத்தான் வேண்டும், ஆனால் கியரைத் தேடித் தடுமாற வேண்டாம்.

ஷோரூமுக்குப் போகும்போது மகன் அல்ல, ஓட்டப்போகும் அப்பா சீட்டில் உட்காரட்டும். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, கிளட்ச்சை இருபது முறை முழுசாக மிதித்துப் பார்க்கட்டும். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.