உதிரும் ரூமானியை உரக்குழிக்கு விடலாமா?

வைகாசியின் பிற்பகுதியிலும் ஆனியிலும் கேளம்பாக்கம், தையூர், மாம்பாக்கம், திருப்போரூர் பக்கங்களில் கொல்லையில் மாமரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரே கவலைதான். மரத்துப் பழமெல்லாம் இரண்டு, மூன்று வாரத்திற்குள் ஒன்றாகப் பழுத்து விடுகிறது. வீட்டார் தின்றது போக, உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுத்தது போக, மிச்சம் தரையில் கிடந்து ஈ மொய்க்கிறது. கடைசியில் அது உரக்குழிக்குப் போகிறது. வியாபாரியிடம் கேட்டால், "எல்லா இடத்திலும் பழம்தான், கொடுக்கிற விலைக்குக் கொடுங்கள்" என்கிறார். அவர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாளைக்கு அழுகிவிடும் பொருளை இன்று கையில் வைத்திருப்பவருக்கு விலை பேசும் வலு இருப்பதில்லை.

ஆப்பிள் விளையும் குளிர் நாடுகளில் உள்ள குடியானவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அங்கே அடிபட்ட பழத்தையும் உதிர்ந்த பழத்தையும் அவர்கள் எறிவதில்லை. கெட்ட பாகத்தை அரிந்துவிட்டு, மீதியை வேகவைத்து மசித்துக் கூழாக்கி, சுடச்சுடப் புட்டியில் அடைத்து, பனிக்காலம் முழுவதும் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். நமக்கு ஆப்பிள் மரம் இல்லை. ஆனால் ஆப்பிளைப் போலவே உருண்டையாக, மெல்லிய தோலும் நிறைந்த சாறும் கொண்ட ரூமானி இருக்கிறது. ஆப்பிளுக்கு அவர்கள் செய்வதை ரூமானிக்கு நாம் ஏன் செய்யக்கூடாது என்பதே என் கேள்வி.

பதப்படுத்தும் கலை நமக்குப் புதிதல்ல. கோவளம், கேளம்பாக்கம் பகுதி உப்பளங்களுக்குப் பெயர் பெற்றது. உப்பைக் கொண்டு மாவடுவும் ஊறுகாயும் மாவற்றலும் போடத் தெரியாத வீடு இங்கே இல்லை. ஆனால் இவையெல்லாம் பிஞ்சுக்கும் காய்க்கும் உரிய முறைகள். இனிப்பான பழத்திற்கு உப்பு ஒத்துவராது. அதற்குச் சூடும், காற்றுப் புகாத மூடியும் வேண்டும். புட்டியில் அடைத்துக் கொதிக்க வைத்தால் உணவு கெடாது என்பதைப் பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர் என்னும் மிட்டாய்க்காரர் கண்டுபிடித்து, 1810இல் தம் அரசாங்கத்திடம் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். அது ஏன் கெடவில்லை என்பதற்கான காரணத்தைப் பிற்பாடு விளக்கியவர் லூயி பாஸ்டர். இதைச் செய்ய ஆலை தேவையில்லை, அடுப்பங்கரையே போதும்.

செய்முறையைச் சொல்கிறேன். நன்கு பழுத்த, ஆனால் புளித்த வாடை வராத பழங்களை எடுத்துக் கழுவித் துடைக்கவும். பூசணம் பிடித்த பழம் எதுவும் வேண்டாம். அடிபட்ட இடத்தை அரிந்து எறியவும். தோலைச் சீவி, கொட்டை நீக்கிப் பிசைந்து, சல்லடையில் வடித்து நாரைப் பிரிக்கவும். பழத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கூழாகக் கிடைக்கும். ஒரு கிலோ கூழுக்கு 5 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து எவர்சில்வர் பாத்திரத்தில் இளந்தீயில் கிளறவும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. கூழ் எங்கும் கொப்புளித்துக் கொதி வந்தபின், முன்பே வெந்நீரில் கொதிக்க வைத்த அரைக் கிலோ கண்ணாடிப் புட்டிகளில் சூடு ஆறுமுன் ஊற்றவும். மேலே அரை அங்குலம் இடம் விட்டு மூடவும். அடியில் துணி விரித்த பெரிய பாத்திரத்தில் புட்டிகளை நிறுத்தி, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும்படி வெந்நீர் விட்டு, நீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து அரை மணி நேரம் கொதிக்க விடவும். வெளியில் எடுத்துத் தானாக ஆற விடவேண்டும். ஆறியதும் மூடியின் நடுப்பாகம் சற்று உட்குழிந்தால் காற்று அடைபட்டுவிட்டது என்று பொருள். குழியாவிட்டால் அந்தப் புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். புட்டியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மூடி மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கவேண்டும்.

சிட்ரிக் அமிலத்தை ருசிக்காகச் சேர்ப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. காற்றில்லாத இடத்திலும் வளர்ந்து உயிரைப் பறிக்கும் நஞ்சைக் கக்கும் கிருமி ஒன்று உண்டு. கொதிநீரின் சூட்டில் அதன் வித்து சாவதில்லை. ஆனால் புளிப்பு மிகுந்த பொருளில் அதனால் வளர முடியாது. மண் பரிசோதனையில் பார்க்கிறோமே, அந்த பி.எச். எண் 4.6க்குக் கீழே இருந்தால் பயமில்லை. நன்கு கனிந்த மாம்பழம் சில சமயம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே அமிலத்தை அளந்து போடுவது கட்டாயம். எலுமிச்சையின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். அதை நம்ப வேண்டாம். புளிப்பே இல்லாத சப்போட்டாவையும் பப்பாளியையும் இந்த முறையில் வீட்டில் அடைக்கவே கூடாது. மூடி உப்பினாலும், திறக்கும்போது நுரை பொங்கினாலும் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

இதற்கு மறுப்பு வரும் என்பதை அறிவேன். "கடையில் மாம்பழச் சாறு கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?" என்பார்கள் சிலர். கடைப் புட்டியில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும்தான். நம் புட்டியில் இருப்பது முழுக்கப் பழம். ஐப்பசி மழையில் குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழோடு கலந்து கொடுக்கலாம். தீபாவளிக்குப் பாயசம் வைக்கலாம். "கூழ் விற்றுப் பணக்காரர் ஆக முடியுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. முடியாது என்றே சொல்வேன். புட்டிக்கும் மூடிக்கும் எரிவாயுவுக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டால் பத்து கிலோ கூழில் பெரிய ஆதாயம் கிடையாது.

அப்படியானால் எதற்காக வற்புறுத்துகிறேன்? மாவிலே ஆலைகளை மட்டும் நம்பியிருந்தவர்களின் கதி நம் கண் முன்னே இருக்கிறது. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில், நாம் பெங்களூரா என்று சொல்லும் தோத்தாபுரி மாங்காயின் விலை சித்தூர்ச் சீமையில் சரிந்து விழுந்தது. கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு தன் பங்காக 4 ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவிக்கும்படி ஆயிற்று. கிருஷ்ணகிரி விவசாயிகளும் அந்த விலைச் சரிவில் அவதிப்பட்டார்கள். ஆலைகள் சூழ்ந்த ஊரிலேயே இந்த நிலை. ஆலையே இல்லாத நம் பக்கத்தில் கோயம்பேட்டுக்குத் தரம் பிரித்த நல்ல பழம்தான் போகும். வடுப்பட்ட பழத்தைக் கேட்பார் இல்லை.

கேட்பார் இல்லாத பழத்தால் நேரும் தீமை அந்தப் பருவத்தோடு நின்றுவிடுவதில்லை. "மரத்தால் என்ன வருமானம்? குப்பைதான்" என்ற எண்ணம் வீட்டில் வந்துவிட்டால் மரத்துக்குக் கோடரி வந்துவிடும். பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் தோப்பும் கொல்லையும் மனையானதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலத்தின் விலையோடு மாமரம் போட்டியிட முடியாதுதான். ஆனால் வீட்டுக்குப் பயன்படும் மரத்தை வெட்ட எவருக்கும் மனம் வராது.

எல்லா வீட்டிலும் இதற்கு நேரமும் கைவசதியும் இராது. ஆகவே ஊருக்கு ஒரு பொதுக் கூழ்க் கூடம் வேண்டும் என்பது என் யோசனை. கூழ் பிழியும் சிறு இயந்திரம் ஒன்று, பெரிய கொதிகலம் ஒன்று, பி.எச். பார்க்கும் கருவி ஒன்று, பயிற்சி பெற்ற இரண்டு பேர். இவ்வளவு போதும். மகளிர் சுய உதவிக் குழு இதை நடத்தலாம். பழத்தைக் கொண்டுவருபவர் கூலி கொடுத்துத் தம் பழத்தைப் புட்டியில் வாங்கிச் செல்லட்டும். நெல் அரவை ஆலையில் செய்வது போலத்தான். விற்பனைக்கும் செய்வதானால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பயிற்சிக்கு வெகு தூரம் போக வேண்டாம். நம் பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. விலை சரிந்தபின் மானியம் கொடுப்பதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கை, விலை சரியுமுன் இத்தகைய கூடங்களுக்கு அரசு செலவிட்டால் அது வீண்போகாது.

மே முதல் நாள் கிராம சபை கூடும் நாள். மாம்பழம் கொட்டுவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு அது வருகிறது. மரம் வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்து சென்று கூழ்க் கூடத்துக்கு ஒரு தீர்மானம் கேளுங்கள். கூடம் வரும் வரையில் காத்திராமல், இந்தப் பருவத்திலேயே வீட்டுக்குப் பத்து புட்டி அடைத்து வையுங்கள். அடுத்த ஆண்டு வியாபாரி வந்து விலை சொல்லும்போது, "பார்க்கலாம்" என்று நிதானமாகச் சொல்ல உங்களால் முடியும்.