சீட்டுக்குள் என்ன இரகசியம்?



டாரட் என்னும் படச்சீட்டுகளைப் பரப்பி வைத்துக் குறி சொல்லுகிறவர்கள் இப்போது பட்டணத்தில் மட்டுமல்ல, நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலும் வந்துவிட்டார்கள். எகிப்துக் கோயில் குருமார் தங்கள் ஞானத்தை இப்படங்களுக்குள் மறைத்து வைத்தார்களாம். கேட்கும்போதே மெய்சிலிர்க்கிறது, பணப்பையும் திறந்துகொள்கிறது. கொடுக்குமுன் சீட்டின் பூர்வீகத்தைச் சற்றுப் பார்த்துவிடுவோமே.

டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். பிரபுக்கள் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம் அது. கட்டுக்கு 78 சீட்டுகள். 56 சீட்டுகள் நான்கு இனமாகப் பிரிந்தவை. மீதி 22இல் ஒன்று கோமாளி. மற்றவை துருப்புச் சீட்டுகள்.

இராஜா, போப்பாண்டவர், விதிச்சக்கரம், மரணம் எல்லாம் அக்கால இத்தாலியர் கண்டு பழகிய உருவங்களே. ஒற்றைக் காலில் தலைகீழாக ஒருவன் தொங்குகிறானே, அவனைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தத்துவம் எழுதியிருக்கிறார்கள். அன்று அங்கே துரோகிகளை அவமானப்படுத்த, அவர்களைத் தலைகீழாகச் சுவரில் வரைந்து வைப்பது வழக்கம். அந்தச் சீட்டின் பழைய பெயரே 'துரோகி'தான். ஊரறிந்த சங்கதி!

எகிப்துக் கதை 1781இல் பாரிஸில் கிளம்பியது. கூர் த ஜெப்லான் என்பவர் எழுதினார். அப்போது எகிப்தியரின் சித்திர எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. 1822இல்தான் ஷாம்போலியன் அதற்கு வழி கண்டார். படிக்க முடியாத எழுத்தின்மேல் எதையும் ஏற்றிச் சொல்லலாம் அல்லவா?

பிறகு 1888இல் இலண்டனில் 'கோல்டன் டான்' என்றொரு மந்திரச் சங்கம் தோன்றியது. வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்தவர்களுக்கே அங்கே போதனை. அதில் சேர்ந்திருந்த ஆர்தர் எட்வர்ட் வெயிட் 1909இல் புதிய டாரட் கட்டு ஒன்றை வெளியிடச் செய்தார். பழைய வரிசையில் 8ஆவது நீதி, 11ஆவது வலிமை. இவர் இரண்டையும் இடம் மாற்றினார். காரணம் தமக்குத் திருப்தி, வாசகருக்கு விளக்கத் தேவையில்லை என்று தம் நூலில் எழுதியும் வைத்தார். வகுப்பில் ஒரு பிள்ளை "ஏன் சார்?" என்று கேட்டால் நான் இப்படிப் பதில் சொல்ல முடியுமா?

காரணம் பெரிதல்ல. அச்சங்கத்தார் சீட்டுகளை இராசிகளோடு பொருத்தியிருந்தார்கள். வலிமைக்குச் சிங்கப்படம், ஆகவே சிம்மம். நீதிக்குத் தராசு, ஆகவே துலாம். சிம்மம் முன்னே வரவேண்டும் என்பதற்காக மாற்றினார்கள். நம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் உள்ள வரிசைதான்!

அந்தக் கட்டின் படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. வேலை பெரிது, கிடைத்த பணம் மிகக் கொஞ்சம் என்று நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1951இல் கடனோடு இறந்தார். கட்டு உலகமெங்கும் விற்றது. அதற்கு வழங்கிய பெயரோ 'ரைடர் வெயிட்'. பதிப்பாளர் பெயரும் வெயிட் பெயரும். பமேலாவின் சிறிய கையெழுத்துக் குறி மட்டும் படங்களின் ஓரத்தில் இருக்கிறது, உற்றுப் பார்த்தால் தெரியும்.