ஏலக்காய் யாருக்கு மணக்கிறது?

போடிநாயக்கனூர் ஏலக்காய் மணக்கும் ஊர் என்று வியாபாரக் கனவான்கள் பெருமை பேசுகிறார்கள். குடோன் வாசலில் நின்றால் மணக்கத்தான் செய்கிறது. தொழிலாளி குடியிருக்கும் சந்துக்குள் வந்து பார்க்கட்டும். அங்கே மணப்பது சாக்கடை!

கோழி கூவுமுன் அடுப்பு மூட்டி, தூக்குவாளியில் சோறு எடுத்து, நம் பெண்கள் ஜீப் ஏறுகிறார்கள். முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களில் களையெடுத்து, காய் பறித்து, இருட்டும் நேரம் திரும்புகிறார்கள். ஆளைத் திணித்த ஜீப் வளைவில் கவிழ்ந்தால் டிரைவர் மீது பழி. திணிக்கச் சொன்னவன் எங்கே?

ஊருக்குள் இத்தனை ஒண்டுக்குடித்தனங்கள் எப்படிப் பெருகின? 1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் தங்கும் தொழிலாளிக்கு முதலாளியே வீடு தரவேண்டும் என்றது. பிற்பாடு திருத்தப்பட்டபோது, வெளியே குடியிருப்பவனும் 6 மாதம் தொடர்ந்து வேலை செய்து எழுதிக் கேட்டால் அவனுக்கும் உண்டு என்றது. முதலாளி என்ன செய்தான்? ஜீப்பில் ஆள் பிடித்தான். இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம். 6 மாதக் கணக்கு எந்தப் பேரேட்டில் ஏறும்? ஆக, நம் சந்துகள்தான் மலைத்தோட்டத்து லயன்கள். வாடகை மட்டும் நம் தலையில்!

“ஊரிலேயே பள்ளிக்கூடம், ரேஷன், என்ன குறை?” என்கிறார்கள். வீடு ஒரு மாநிலம், வேலை ஒரு மாநிலம். 2020ல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தார்களே, அப்போது அடுப்பு அணைந்தது யார் வீட்டில்?

1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, அரண்மனை நிற்கிறது. 1928ல் வந்த ரயிலை யுத்தகாலத்தில் பெயர்த்தார்கள், பிறகு போட்டார்கள், 2010 முடிவில் நிறுத்தினார்கள், 2023ல் மறுபடி விட்டார்கள். ஜீப் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. குடோனில் காய் பொறுக்கும் பெண்ணின் கூலியா அப்படி ஏறியது?

2025 நவம்பரில் அந்த 1951 சட்டமும் புதிய தொகுப்புக்குள் போய்விட்டது. வீட்டுப் பேச்சு அதிலும் இருக்கிறது, வீட்டைத்தான் காணோம். தோழர்களே, கணக்கை நாமே எழுதுவோம். சந்துக்கு ஒரு நோட்டு. யார், எந்தத் தோட்டம், எத்தனை நாள், எந்த ஜீப். கங்காணிக்குத் தெரிந்த கணக்கு நமக்கும் தெரியட்டும். அந்த நோட்டோடு போய் வீடு கேட்போம்.