மூன்றாவது சில்லு

நான்கு சில்லுகளில் ஓடும் மோட்டார் வண்டியிலே ஐந்தாவதாக ஒரு சில்லு இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அது எங்கே இருக்கிறது என்பதைச் சிறு பிள்ளையுங்கூடச் சொல்லிவிடும். ஆனால், அவ்வண்டியின் பின்னே இரண்டு சில்லுகளில் உருண்டுவரும் ‘டிரெயிலர்’ என்னும் இழுவண்டிக்கு மூன்றாவது சில்லு எங்கே என்று கேட்டால், அதன் சொந்தக்காரரே பல வேளைகளில் விழித்து நிற்பார்.

மேலதிகச் சில்லு என்பது மோட்டார் வண்டியுடன் கூடப் பிறந்ததன்று. காற்றடைத்த டயரை டன்லப் என்பார் 1888ஆம் ஆண்டிலே தம் மகனுடைய முச்சக்கர வண்டிக்காகச் செய்தார். பின்னர் மோட்டார் வண்டிகளும் அத்தகைய டயர்களில் ஓடலாயின. வழியிலே காற்றுப் போனால், ஓட்டுநர் தெருவோரத்திற் குந்தியிருந்து ஒட்டுப்போட வேண்டியதுதான். 1904ஆம் ஆண்டிலே வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரில், டேவிஸ் சகோதரர் இருவர், காற்றுப்போன சில்லின் பக்கத்திலே பூட்டத்தக்க ஒரு மேலதிக வளையத்தை ஆக்கி விற்றனர். அவர்களுடைய தொழில் நடந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. தமிழகத்தார் மேலதிகச் சில்லை இன்றும் ‘ஸ்டெப்னி’ என்று வழங்குவதன் வரலாறு இதுவே.

ஏரிகள் மலிந்த நாடுகளிலே படகு வைத்திருப்போர் அதனைக் கரையிலே கட்டிவைப்பது எப்போதும் இயலாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள வழக்கமான வண்டி இலக்கத் தகடு ‘10,000 ஏரிகள்’ என்னும் சொற்களைத் தாங்கியிருக்கும். விடுமுறை வந்தால் குடும்பத்தினர் படகை இழுவண்டியில் ஏற்றி, மோட்டார் வண்டியிற் கொளுவி, ஏரிக்குப் புறப்பட்டுவிடுவர். கரையிலே அமைந்த சரிவுப் பாதையில் இழுவண்டியைப் பின்புறமாக நீருக்குள் இறக்கிப் படகை மிதக்க விடுவது வழக்கம்.

துன்பத்தின் வித்து இவ்விடத்திலேதான் விழுகின்றது. நெடுந்தூரம் ஓடிவந்த சில்லின் குடம் சூடேறி இருக்கும். அதனுள்ளே இருந்த காற்று சூட்டினால் விரிந்து, ஒரு பகுதி வெளியேறியிருக்கும். சூடான குடம் குளிர்ந்த நீரில் அமிழ்ந்ததும், எஞ்சிய காற்று சுருங்கும். உள்ளே அமுக்கம் குறையும். அடைப்பின் இடுக்கு வழியாக நீர் உறிஞ்சப்படும். பௌதிகம் பயிலும் மாணவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். புகுந்த நீர் கிறீஸைக் கெடுக்கும். பேரிங்கில் துரு ஏறும். பின்னொரு நாள் பெருந்தெருவிலே அது இறுகிப் பழுதாகும். இதனாற் சில்லே கழன்று ஓடுவதும் உண்டு.

ஆகவே படகு வண்டிக்கு மேலதிக டயர் மட்டும் போதாது. கிறீஸ் இட்ட பேரிங்குகளுடன் கூடிய மேலதிகக் குடம் ஒன்றையும் கொண்டு செல்வது அறிவுடைமை. குடத்தோடு சில்லைப் பூட்டி வைக்கும் தாங்கிகளும் கடைகளில் உண்டு.

“மோட்டார் வண்டியில் இருக்கும் மேலதிகச் சில்லைப் போட்டுக்கொண்டால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலும் அது பொருந்தாது. இழுவண்டியின் சில்லு வழக்கமாகச் சிறியது. அதன் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் வேறுபடும். எனவே அளவு, துளை, சுமைவலு ஆகிய மூன்றும் ஒத்த சில்லையே தனியாக வாங்க வேண்டும். புதிய இழுவண்டியுடன் அது எப்போதும் சேர்ந்து வருவதில்லை என்பதை வாங்குவோர் மனத்திற் கொள்ளல் நன்று.

இனி, அதனை எங்கே பூட்டுவது? மாட்டு வண்டியில் நுகத்தை நோக்கி நீளும் மரம் போன்று, இழுவண்டிக்கும் ஒரு முன்தண்டு உண்டு. அதன் பக்கத்திலே ‘யூ’ வடிவ ஆணிகளால் ஒரு தாங்கியை இறுக்கி, அதிலே சில்லைப் பூட்டுவதே பெருவழக்கு. படகை இழுக்கும் கைச்சுற்றுப் பொறி நிற்கும் கம்பத்திற் பூட்டுவாரும் உளர். எங்கே பூட்டினாலும் சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி கூர்மையாகத் திரும்பும்போது சில்லு மோட்டார் வண்டியின் பின்புறத்தில் இடிக்கலாகாது. கைச்சுற்றின் பிடியும், முன்தண்டை உயர்த்தும் ஜாக்கின் பிடியும் தடையின்றிச் சுழல வேண்டும். படகின் மூக்கில் உராயலாகாது. விளக்குகளுக்குச் செல்லும் மின்கம்பி தாங்கியின் கீழ் நசுங்கலாகாது. சட்டத்தின் கீழே தாழத் தொங்கவிட்டாலோ, படகை இறக்குந்தோறும் சில்லு நீரில் நனையும். கடல்நீராயின் துருவுக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை.

பாரமும் கவனத்துக்குரியது. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும் என்பதை நம் வண்டிக்காரர் நன்கு அறிவர். படகு வண்டிக்கும் இதுவே நியதி. மொத்தப் பாரத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை கொளுவியின்மீது அமர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அது மிகக் குறைந்தால் இழுவண்டி வேகத்திலே பாம்புபோல் வளைந்தாடத் தொடங்கும். முன்செல்லும் வண்டியையும் தெருவை விட்டுத் தள்ளிவிடும்.

மாணவர் கணக்கிட்டுப் பார்க்கட்டும். கொளுவிக்கும் அச்சுக்கும் இடையே 4 மீற்றர் தூரம். சில்லின் பாரம் 16 கிலோகிராம் என்று கொள்வோம். கொளுவியிலிருந்து 1 மீற்றர் தள்ளிப் பூட்டினால், கொளுவியில் 12 கிலோகிராம் கூடும். அச்சின் நேர் மேலே பூட்டினால் ஒன்றும் கூடாது. அச்சுக்குப் பின்னால் 1 மீற்றர் தள்ளிப் பூட்டினாலோ, 4 கிலோகிராம் குறைந்துவிடும். ஒரே சில்லு, இடத்துக்கு இடம் வேறு வேலை செய்கின்றது!

பூட்டியபின் அதனை மறந்துவிடுவதே பலரின் இயல்பு. ஓடாத டயரும் முதுமையடையும். வெயிலும் காற்றும் இறப்பரைத் தின்னும், வெடிப்புகள் தோன்றும், காற்றும் மெல்லக் கசிந்துபோகும். ஆதலால் அதற்கு ஓர் உறை போடுதல் நலம். பயணந்தோறும் காற்றின் அளவையும் பார்த்தல் வேண்டும். டயரின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். தேயாத டயர் என்பதற்காக அதனைப் புதிய டயர் என்று எண்ணிவிடலாகாது.

வழியிலே மாற்ற நேர்ந்தால் அவசரம் ஆகாது. தெருவை விட்டு நன்றாக விலகிச் சமதரையில் நிறுத்துக. பிள்ளைகளை வண்டிகள் செல்லும் பக்கத்திலிருந்து அப்பாற் கொண்டு செல்க. இழுவண்டியைக் கொளுவியிலிருந்து கழற்றாமல், மறுபக்கச் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க. நட்டுகளை முதலில் சிறிது தளர்த்திவிட்டு, அதன்பின் ஜாக்கினால் உயர்த்துக. புதிய சில்லின் நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிராக மாற்றி மாற்றி இறுக்குக. ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க.

இவை யாவும் தெரிந்திருந்தும், நட்டுக்குப் பொருந்தாத சாவியும், படகின் பாரத்தைத் தூக்கமாட்டாத ஜாக்கும் கொண்டு சென்றவர், சில்லைக் கண்முன்னே வைத்துக்கொண்டு கைபிசைந்து நிற்க நேரிடும். மோட்டார் வண்டியின் ஜாக் அதன் உயரத்துக்கென ஆக்கப்பட்டது. தாழ்ந்த இழுவண்டியின் அச்சின் கீழ் அது நுழையாமலும் போகலாம்.

இதற்கு மருந்து ஒன்றுதான். பயணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையிலே, வீட்டு முற்றத்தில், படகை ஏற்றிய நிலையிலேயே ஒருமுறை சில்லைக் கழற்றி, மேலதிகச் சில்லைப் பூட்டிப் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள வளர்ந்த பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளலாம். அன்று காணும் குறைக்குக் கடை உண்டு; அயலவர் உண்டு; நேரமும் உண்டு. இருள் சூழ்ந்த பெருந்தெருவிலே இவற்றுள் ஒன்றும் இராது. முற்றத்திற் சோதிக்கப்பட்ட சில்லே மேலதிகச் சில்லு. சோதிக்கப்படாதது, வண்டி வீணே சுமந்து செல்லும் இன்னொரு பாரம்.