செம்பருத்திக்கு 'கேரி ஃபார்வர்ட்' கிடையாது

செம்பருத்திக்குச் சேமிப்புப் பழக்கமே கிடையாது சார். காலையில் விரியும், சாயங்காலம் சுருண்டுவிடும். நேற்றைய பாக்கியை இன்றைக்கு வரவு வைக்கிற பேச்சே இல்லை. பி.காம். படித்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தும். காலை எட்டு மணி பஸ்ஸில் போய் ராத்திரி எட்டுக்குத் திரும்புகிற ஆசாமியோ, தான் வளர்த்த பூவை ஞாயிற்றுக்கிழமைதான் ஒழுங்காகப் பார்க்க முடியும்.

இருந்தாலும், "வாடகை வீட்டில் என்ன செடி வைக்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் செம்பருத்தியைத்தான் சொல்வேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஹவுஸ் ஓனரைச் சமாளிக்க வேண்டும். "என்ன தம்பி, மொட்டை மாடியை லால்பாக் ஆக்கிட்டீங்க? தளம் ஒழுகினா யார் பொறுப்பு?" என்பார். தொட்டிக்கு அடியில் மூன்று செங்கல் வையுங்கள். தண்ணீர் தேங்காது, தளம் காயும், ஓனர் வாயும் ஓயும். பன்னிரண்டு அங்குலத் தொட்டி போதும். செம்மண், மட்கிய சாணி எரு, கொஞ்சம் மணல். அடியில் ஓட்டை அவசியம்.

ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலை பிரமாதமாக இருக்கும், பூ லீவு போட்டுவிடும். யூரியாவை அள்ளிப் போட்டாலும் அதே கதைதான். தண்ணீரை ஒருநாள் கொட்டி மூன்று நாள் மறந்தால் மொட்டு மொட்டாக உதிரும். வெயில் காலத்தில் காலையில் பல் தேய்க்கிற நேரத்தில் ஒரு சொம்பு. மழை நாளில் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

அடுத்த வில்லன் மாவுப்பூச்சி. கணுவில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். செடியில் எறும்பு சாரிசாரியாக ஏறினாலே உஷாராகிவிடுங்கள். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதற்கு அடியாள் வேலை பார்க்கிறது! தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். வாரம் ஒரு தரம்.

கடை விஷத்தை எடுத்தவுடனே அடிக்காதீர்கள். 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. 2010-ல் போர்ட்டோரீக்கோவிலிருந்து ஒரு பொடிக் குளவியை வரவழைத்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு உள்ளிருந்தே கணக்கைத் தீர்த்தது. விஷம் அடித்தால் இந்தச் சம்பளமில்லாத ஊழியர்களும் சேர்ந்து காலி.

அப்புறம், கத்தரிக்கத் தயங்காதீர்கள். செம்பருத்தி புதுக் கிளையில்தான் பூக்கும். வருஷத்துக்கு ஒரு தரம் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். ஒரு மாதம் மொட்டையாக முறைக்கும். பிறகு பாருங்கள்!

பூத்தால் திருட்டும் உண்டு. எங்கள் எதிர் போர்ஷன் மாமா விடியற்காலை ஐந்து மணிக்கே பூஜைக் கூடையோடு மாடி ஏறிவிடுவார். கேட்டால், "பகவானுக்குத்தானே தம்பி!" பகவானோடு வழக்காட முடியுமா? வெட்டிய குச்சியில் இரண்டை அவர் கையில் கொடுத்தேன். "இதை நட்டா வருமா?" என்றார் சந்தேகத்தோடு.

வரும். பென்சில் கனம், அரை அடி நீளம், கணுவுக்குக் கீழே சரிவாக ஒரு வெட்டு. அடி இலைகளைக் கிள்ளிவிட்டு ஈர மண்ணில் செருகி நிழலில் வைத்தால், மழைக்காலத்தில் ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். இப்போது மாமா வீட்டு வாசலிலும் தொட்டி. அவர் பூவை யாரோ பறிப்பதாக என்னிடமே புகார் செய்கிறார்.

இப்போது அந்தக் காரணம். நம் வீடுகளில் இருக்கிற சிவப்புச் செம்பருத்தி பெரும்பாலும் விதை வைப்பதில்லை. வேலியிலோ கிணற்றடியிலோ நீங்கள் பார்க்கிற செடி, யாரோ ஒடித்து யாருக்கோ கொடுத்த குச்சி. குச்சியில் வருவது அந்தச் செடியின் பிள்ளை இல்லை, அதே செடிதான்.

ஊரில் எங்கள் கிணற்றடியில் அம்மா வைத்த செம்பருத்தி ஒன்று இருந்தது. வீட்டை விற்றோம், வாங்கியவர் கிணற்றை மூடினார். அம்மாவும் இப்போது இல்லை. நான் பத்து வருஷத்தில் நாலு வீடு மாறிவிட்டேன். ஒவ்வொரு தரமும் லாரியில் பீரோ, கட்டிலோடு ஈரத்துணி சுற்றிய நாலு குச்சியும் ஏறும்.

அட்வான்ஸில் வெள்ளையடிக்க, குழாய் மாற்ற என்று ஓனர்கள் பிடித்துக்கொண்டதுதான் அதிகம். செம்பருத்தியில் மட்டும் இதுவரை பிடித்தமே இல்லை.